பளு இருக்கும் இடம்

கண்டி நகரத்தை விட்டுக் கிழக்கு நோக்கிக் குண்டசாலை, பல்லேகலை வழியாகப் புறப்படும் வீதி திகனயைத் தாண்டும்வரை சாதுவாகவே செல்கிறது. விக்டோரியா நீர்த்தேக்கத்தின் பக்கமாகத் தெல்தெனியவை அடைந்து, அங்கிருந்து மலைச்சரிவுகளைப் பற்றிக்கொண்டு ஏறி, ஹுன்னஸ்கிரியவில் மூடுபனியோடு சிறிது நேரம் உறவாடிவிட்டு, அப்புறம் மஹியங்கனைச் சமவெளி கண்ணில் பட்டதும், அதுவரை சேர்த்து வைத்த உயரத்தையெல்லாம் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் ஊதாரியைப்போலச் செலவழித்துவிடுகிறது. சிங்களத்தில் 'தஹ அட்ட வங்குவ' என்றும் தமிழில் பதினெட்டு வளைவு என்றும் பெயர் பெற்ற இந்த இறக்கம் அண்மைக் காலத்தில் அகலமாகிச் செப்பமும் அடைந்திருக்கிறது. ஆயினும் திகனச் சந்தியில் தேநீருக்கு நிறுத்தும் லொறிச் சாரதிகளின் சம்பாஷணையைக் காது கொடுத்துக் கேட்பவர்கள், ஏற்றத்தைப் பற்றி அவர்கள் அதிகம் அலட்டிக்கொள்ளாததையும், எந்த வளைவுக்கு எந்தக் கியர், பிரேக் எங்கே சூடாகும், எங்கே ஓரங்கட்டிச் சக்கரத்தை ஆறவிட வேண்டும் என்று இறக்கத்தைப் பற்றியே பேசுவதையும் கவனிக்கலாம். ஏறுவதற்கு எஞ்சினில் பலம் இருந்தால் போதும். இறங்குவதற்கு வண்டியின் அமைப்பிலேயே புத்தி இருக்க வேண்டும்.

அப்படிப் புத்தியோடு அமைக்கப்பட்ட வண்டிகளில் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கது, 1951ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இத்தாலியின் துரின் நகர மோட்டார்க் கண்காட்சியில் அரங்கேறிய 'லான்சியா அவுரேலியா பி20' என்னும் இரு கதவு வண்டி. இருவர் வசதியாக அமர்ந்து, பின்னால் பெட்டிகளை வைத்துக்கொண்டு, ஒரு தேசத்திலிருந்து இன்னொரு தேசத்துக்குக் களைப்பின்றி விரைந்து போவதற்கென்று அமைந்த வண்டிகளை இத்தாலியர் 'கிரான் துரிஸ்மோ' என்பர், ஜி.டி. என்று இன்று எல்லாக் கம்பெனிகளும் கூச்சமின்றி ஒட்டிக்கொள்ளும் எழுத்துகள் அதிலிருந்து வந்தவையே. அந்தப் பெயர் பி20க்கு முன்னரே இருந்தது. 1929ஆம் ஆண்டின் அல்பா ரோமியோ 6சி 1750 அதைச் சூடிக்கொண்டிருந்தது. 1947இல் வந்த சிசித்தாலியா 202 என்ற சிறு வண்டியின் வடிவழகை நியூயோர்க் நவீனக் கலைக்கூடம் சிற்பங்களுக்கு நிகராக மதித்துக் காட்சிக்கு வைத்தது. எனினும், பெயருக்கேற்ற பொறியியல் முழுமையாக ஒரே வண்டியில் வந்து அமைந்தது பி20இல்தான் என்பது என் அபிப்பிராயம். அது ஆல்ப்ஸ், அப்பெனைன் மலைகளுக்குப் பிறந்த பிள்ளை; ஆனால் அதன் யுக்திகளை விளங்கிக்கொள்வதற்குத் துரினுக்குப் போக வேண்டியதில்லை; திகனயிலிருந்து மஹியங்கனை வரை மனத்தால் ஒரு பிரயாணம் செய்தால் போதும்.

இரு நாட்டு மலைப்பாதைகளுக்கும் சரித்திரத்திலேயே ஓர் ஒற்றுமை உண்டு. லொம்பார்டியைத் தன் சாம்ராச்சியத்தோடு இணைத்து வைக்க விரும்பிய ஆஸ்திரிய அரசுக்காக, கார்லோ டொனேகானி என்ற பொறியியலாளர் ஸ்டெல்வியோ கணவாய்ப் பாதையை 1820க்கும் 1825க்கும் இடையில் அமைத்தார். 2,757 மீற்றர் உயரத்துக்கு ஏறும் அந்தப் பாதையின் ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அதே பத்தாண்டில், ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் ஆணைப்படி, கப்டன் டோசனின் மேற்பார்வையில், கடுகண்ணாவைப் பாறையைக் குடைந்துகொண்டு கொழும்பு – கண்டி வீதி மேலே வந்தது. இரண்டும் துருப்புகளையும் பீரங்கிகளையும் மலைக்கு மேல் ஏற்றுவதற்காக எழுந்தவை. இரண்டிலும் வளைவின் அளவை நிர்ணயித்தவை, ஒரு நாழிகைக்கு ஒரு மைல் நடக்கும் மாடுகளும் அவற்றைவிடச் சிறிது வேகமாக நடக்கும் குதிரைகளும். நூறு ஆண்டு கழித்து அதே வளைவுகளுக்குள் மோட்டார் வண்டி வந்து புகுந்தபோது, பாதை மாறுவதற்குள் வண்டி மாற வேண்டியதாயிற்று. மலைநாட்டில் மோட்டார் வண்டியின் வளர்ச்சி, பெரும்பாலும் மாட்டுக்கு வகுத்த வளைவோடு எஞ்சின் செய்துகொண்ட சமரசமே.

அந்தச் சமரசத்தைக் கணக்காகப் பார்ப்போம். 12 மீற்றர் ஆரையுள்ள ஒரு கொண்டை ஊசி வளைவை எடுத்துக்கொள்வோம். உலர்ந்த தார் வீதியில் டயருக்கும் தரைக்கும் உள்ள உராய்வுக் குணகம் 0.8 என்று வைத்துக்கொண்டால், வழுக்காமல் திரும்பக்கூடிய உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 35 கிலோமீற்றர். ஹுன்னஸ்கிரிய மழையில் அந்தக் குணகம் பாதியாகக் குறைந்துவிட்டால் 25 கிலோமீற்றர். இந்தக் கணக்கில் வண்டியின் பளு வருவதே இல்லை. அது இரு பக்கமும் அடிபட்டுப் போய்விடுகிறது. அப்படியானால் லொறிக்கும் காருக்கும் ஒரே வேகம்தானா, நல்ல வண்டிக்கும் மோசமான வண்டிக்கும் பேதமே இல்லையா என்று கேட்கத் தோன்றும். பேதம் உண்டு, அது பளு எவ்வளவு என்பதில் இல்லை, பளு எங்கே இருக்கிறது என்பதில் இருக்கிறது.

றப்பர் டயருக்கு ஒரு விசித்திரமான சுபாவம் உண்டு. அதன்மேல் சுமத்தும் பளுவை இரட்டித்தால் அதன் பிடிமானம் இரட்டிப்பதில்லை. சற்றுக் குறைவாகவே கூடுகிறது. ஆகையால் நான்கு டயர்களில் இரண்டு அதிகமாகவும் இரண்டு குறைவாகவும் சுமக்கும்போது கிடைக்கும் மொத்தப் பிடிமானத்தைவிட, நான்கும் சமமாகச் சுமக்கும்போது கிடைப்பது அதிகம். சாதாரண வண்டிகளில் எஞ்சினும் கிளச்சும் கியர்ப்பெட்டியும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டு முன்னாலேயே குந்தியிருப்பதனால் முன் டயர்களுக்குச் சுமை கூடுகிறது. மொத்தப் பளுவில் 57 வீதம் முன்னாலும் 43 வீதம் பின்னாலும் உள்ள ஒரு வண்டி, பத்தடிக்கு ஓரடி இறங்கும் சரிவில், புவியீர்ப்பு வேகவளர்ச்சியின் பாதியளவுக்குப் பிரேக் பிடித்து வேகம் தணிகிறது என்று கொள்வோம். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீற்றர் உயரத்திலும், முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 2.66 மீற்றர் தூரமும் இருந்தால், மொத்தப் பளுவில் ஏறத்தாழ 11 வீதம் பின்னாலிருந்து முன்னால் சாய்ந்துவிடும். 57 என்பது 68 ஆகும். பின் சக்கரங்களுக்கு எஞ்சுவது 32 வீதம் மட்டுமே. அந்த நிலையில் சுக்கானைத் திருப்பினால் சுமை தாங்காத முன் டயர்கள் வளைவுக்கு வெளியே நேராகப் போகப் பார்க்கும். பிரேக்கை இன்னும் அழுத்தினால் பளு இழந்த பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வால் வீசும். ஆரம்பத்திலேயே பளு சமமாகப் பங்கிடப்பட்ட வண்டியில் அதே சரிவில், அதே பிரேக்கில், 61க்கு 39 என்ற விகிதம் மிஞ்சும். ஏழு வீதம் அற்பமாகத் தோன்றலாம். பன்னிரண்டாம் வளைவில் எதிரே பஸ் வந்தால் அது அற்பமன்று.

2.66 மீற்றர் என்று நான் எடுத்துக்கொண்டது பி20இன் அச்சிடைத் தூரமே. அதை அமைத்தவர்கள் பளுவைப் பங்கிடுவதையே முதற்காரியமாகக் கருதினார்கள். அந்தக் கம்பெனியை 1906இல் துரினில் ஸ்தாபித்த வின்சென்ஸோ லான்சியா, பந்தய வண்டி ஓட்டியவர். வண்டி ஓட்டுவோனின் தேகத்தில் படும் சங்கடங்களை அனுபவத்தால் அறிந்தவர். 1922இல் அவர் வெளியிட்ட 'லாம்ப்டா' என்ற வண்டியில், தனிச் சட்டத்தின்மேல் உடலை ஏற்றிவைக்கும் அக்கால வழக்கம் கைவிடப்பட்டு, உடலே சுமை தாங்கும் கூடாக ஆக்கப்பட்டது. முன் சக்கரங்கள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே ஏறி இறங்கும் ஏற்பாடும் அதிலேயே வந்தது. வடிவமே சுமையைத் தாங்கினால் பொருள் குறைவாகப் போதும் என்ற இந்தத் தத்துவத்தைப் பெரிய அளவில் பார்க்க விரும்புவோர் திகனயிலிருந்து சற்றுத் தூரம் போனால், 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணைக்கட்டைப் பார்க்கலாம்: 122 மீற்றர் உயரமும் 520 மீற்றர் நீளமும் உள்ள அந்தச் சுவர், தன் கனத்தால் மட்டும் நீரைத் தடுத்து நிற்கவில்லை, மேலிருந்து கீழும் பக்கவாட்டிலும் வளைந்திருப்பதனால், பழைய தெல்தெனிய நகரத்தையே மூழ்கடித்த நீரின் அழுத்தத்தை இரு கரையிலுமுள்ள பாறைகளுக்குக் கடத்திவிடுகிறது. அதனால்தான் அவ்வளவு மெல்லியதாக இருக்க அதற்குச் சாத்தியமாயிற்று.

வின்சென்ஸோ 1937இல் காலமானார். அதே ஆண்டு அல்பா ரோமியோவிலிருந்து லான்சியாவுக்கு வந்து சேர்ந்த விட்டோரியோ யானோ, பந்தய வண்டிகளைப் படைப்பதில் ஐரோப்பாவெங்கும் கீர்த்தி பெற்றிருந்தவர். அவருக்குக் கீழே பிரான்செஸ்கோ டி விர்ஜிலியோ என்ற இளம் பொறியியலாளர், யுத்த காலத்தில் உலகம் வேறு கவலைகளில் ஆழ்ந்திருந்தபோது, ஆறு சிலிண்டர்களை மும்மூன்றாக இரு வரிசையில் சரித்து வைத்தால் எழும் அதிர்ச்சியை எப்படி அடக்குவது என்று கணிதம் போட்டுக்கொண்டிருந்தார். ஆறு சிலிண்டர்களையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் அதிர்ச்சிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அந்த எஞ்சின் பட்டுப்போல ஓடும். ஆனால் நீளம் அதிகம். இரு வரிசையாக்கினால் நீளம் பாதியளவாகும், அதிர்ச்சி தலைதூக்கும். நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் ஒரு முறையே வெடிக்கும். ஆகவே ஆறு வெடிப்புகளும் சம இடைவெளியில் வர வேண்டுமானால், 720 பாகையை ஆறாக வகுத்து 120 பாகைக்கு ஒன்றாக வர வேண்டும். இரு வரிசைகளுக்கும் இடையே 60 பாகைக் கோணம் வைத்து, ஒவ்வொரு பிஸ்டனுக்கும் தண்டில் தனித்தனி முழங்கை கொடுத்தால், வெடிப்புகளும் ஒழுங்காக வரும், எஞ்சிய அதிர்ச்சியில் பெரும்பகுதியை எதிர்ப்பளுக்களால் அடக்கியும் விடலாம் என்று அவர் கண்டார். 1950இல் வெளிவந்த அவுரேலியா பி10 என்ற நாற்கதவு வண்டியில் 1,754 கன சென்றிமீற்றர் கொள்ளளவும் 56 குதிரைச் சக்தியும் உடையதாக அந்த எஞ்சின் வந்தது. உலகில் தொடர் உற்பத்திக்கு வந்த முதல் வி6 கார் எஞ்சின் அதுவே. அலுமினிய வார்ப்பினால் ஆனதால் கனமும் குறைவு. லான்சியா கம்பெனி அக்காலத்தில் தன் வண்டிகளுக்கு ரோமர் கால நெடுஞ்சாலைகளின் பெயர்களைச் சூட்டிவந்தது. ரோமிலிருந்து கடற்கரையோரமாக வடக்கே செல்லும் அவுரேலியாச் சாலையின் பெயர் இதற்கு வாய்த்தது.

எஞ்சின் குட்டையானதால் அதை முன்னச்சை ஒட்டிப் பின்தள்ளி வைக்க முடிந்தது. அதோடு யானோவின் குழு நிற்கவில்லை. கிளச்சையும் கியர்ப்பெட்டியையும் எஞ்சினிலிருந்து பிரித்து, வண்டியின் பின்புறம் கொண்டுபோய், பின்னச்சின் பல்சக்கரப் பெட்டியோடு ஒரே கூட்டுக்குள் பூட்டிவிட்டார்கள். முன்னும் பின்னும் பளு ஏறக்குறையச் சமமாயிற்று. ஆனால் இயற்கை எந்தச் சலுகையையும் இனாமாகக் கொடுப்பதில்லை. மூங்கில் கழியின் இரு நுனியிலும் குடங்களைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து போகிறவன் சமநிலையோடு நடப்பான், ஆனால் சட்டென்று திரும்பமாட்டான். அதுபோல இரு கோடியிலும் பளுவை வைத்த வண்டி திரும்பத் தொடங்குவதற்கும், திரும்பியபின் நிற்பதற்கும் தயங்கும். மையத்திலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்தோடு இந்தத் தயக்கம் வளர்வதால், ஒவ்வொரு பொருளையும் எவ்வளவு உள்ளே இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்தாக வேண்டும். டி விர்ஜிலியோவின் குட்டை எஞ்சினுடைய அருமை இங்கேதான் விளங்குகிறது. இன்னொரு விலையும் இருந்தது. கியர்ப்பெட்டி பின்னால் போய்விட்டதால், இடையிலுள்ள நீண்ட தண்டு எப்போதும் எஞ்சினின் முழு வேகத்தோடு சுழல வேண்டும். அதன் சமநிலையில் சிறு பிசகு இருந்தாலும் இருக்கையில் இருப்பவரின் முதுகெலும்பு அறியும். அதற்காகத் தண்டை இரண்டு துண்டாக்கி, றப்பர் இணைப்புகளால் பூட்டினார்கள். கியர் மாற்றும் கோலோ சுக்கான் தண்டிலிருந்து பின்னச்சு வரை செய்தி அனுப்ப வேண்டியிருந்ததால், பலர் பொறுமை இழந்து, நார்டி என்பவரின் பட்டறை விற்ற தரைக்கோலை வாங்கிப் பொருத்திக்கொண்டார்கள்.

பின் பிரேக்குகளின் கதை தனியாகச் சொல்லத்தக்கது. அக்கால வண்டிகளில் பெரும்பாலானவற்றில் பிரேக் டிரம் சக்கரத்துக்குள்ளேயே இருக்கும். சக்கரம் குழியில் விழுந்து எழும்போதெல்லாம் டிரம்மும் கூடவே விழுந்து எழும். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் இந்தப் பளு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்குச் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும்; துள்ளும் சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லை. அவுரேலியாவில் பின் டிரம்கள் இரண்டையும் சக்கரங்களிலிருந்து கழற்றி, நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியின் இரு பக்கமும் ஒட்ட வைத்தார்கள். சக்கரம் லேசாயிற்று, மேடு பள்ளத்தில் தரையை விடாமல் பின்தொடர்ந்தது. ஆனால் அந்த டிரம்களுக்குச் சக்கரத்தில் வீசும் காற்று இல்லை. அவற்றின் சூடு அருகிலுள்ள பல்சக்கரப் பெட்டியின் எண்ணெய்க்கும் ஏறியது. பிரேக் லைனிங்கை மாற்றுவதற்கு மெக்கானிக் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, தலைக்கு மேலே கையை வளைத்து வேலை செய்ய வேண்டியிருந்தது. ஓட்டுபவனுக்குச் செய்த உபகாரத்தைப் பழுது பார்ப்பவனின் தோளில் சுமத்திய ஏற்பாடு இது என்றால் மிகையாகாது.

அந்தச் சூடு எவ்வளவு என்று கேட்டால், ஆட்களோடும் பெட்டிகளோடும் 1,200 கிலோகிராம் நிறையுள்ள ஒரு வண்டி 600 மீற்றர் உயரம் இறங்குவதாக வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கலாம். அது இழக்கும் நிலைச் சக்தி ஏறக்குறைய 70 இலட்சம் யூல். 22 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம். எஞ்சினும் காற்றும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளாவிட்டால் அத்தனையும் பிரேக்கில்தான் இறங்கும். டிரம் சூடேறி விரிந்து லைனிங்கை விட்டு விலகுகிறது; லைனிங்கும் அந்த உஷ்ணத்தில் உராய்வை இழக்கிறது; பெடல் கீழே போய்க்கொண்டே இருக்கும், வண்டி நிற்காது. பதினெட்டு வளைவின் அடிவாரத்தில் இறங்கி நிற்கும் லொறியின் சக்கரத்தருகே போனால் மூக்கைத் துளைக்கும் கருகல் வாசனை அதுதான். இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு இறங்கும் சாரதி, இந்தக் கணக்கைக் காகிதத்தில் போடாமலே, சூட்டில் பெரும்பங்கை எஞ்சினிடம் ஒப்படைத்துவிடுகிறான். கண்டியில் இப்போது எங்கும் காணப்படும் ஜப்பானிய ஹைபிரிட் கார்கள் இறங்கும்போது சக்தியை மின்கலத்தில் சேமிக்கின்றன என்பது உண்மையே. ஆனால் பிரியஸ் போன்ற வண்டியின் பழைய வகை மின்கலம் முழுக்கொள்ளளவிலும் ஏறக்குறைய 47 இலட்சம் யூலுக்கு மேல் தாங்காது, அதிலும் ஒரு பகுதியையே அது உபயோகத்துக்கு விடும். பாதி இறக்கத்திலேயே மின்கலம் நிறைந்துவிட, மீதிக்குப் பழைய வழிதான். கியர்க்கோலில் 'பி' என்று ஓர் எழுத்து இருப்பது எதற்கென்று தெரியாமலே அந்தக் கார்களை வருஷக்கணக்காக ஓட்டுவோர் பலர். எஞ்சினைக் கொண்டு வேகம் தணிப்பதற்கென்றே அது வைக்கப்பட்டிருக்கிறது.

சக்கரத்தின் அடியில் உள்ள டயரையும் கவனிக்க வேண்டும். அதுவரை டயருக்குள் இருந்த நூலிழைகள் குறுக்கும் மறுக்குமாகச் சரிவாக ஓடின. பக்கச் சுவரும் தரையில் படும் பகுதியும் ஒரே விறைப்பாக இருந்தன. வளைவில் பக்கச் சுவர் மடிந்தால் தரைப்பகுதியும் கூடவே நெளிந்து ஓரம் தூக்கியது. பிரான்ஸின் மிஷெலின் கம்பெனி 1946இல் உரிமம் பெற்ற 'எக்ஸ்' டயரில், இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடின. அவற்றுக்கு மேலே எஃகுக் கம்பிப் பட்டை ஒன்று சுற்றிவந்தது. பக்கச் சுவர் தாராளமாக வளையும், தரைப்பகுதி தட்டையாகவே பதிந்திருக்கும். இந்த ரேடியல் டயரை முதன்முதலில் அணிந்த வண்டிகளில் அவுரேலியாவும் ஒன்று. டயர் என்றதும் இலங்கையைச் சொல்லாமல் போவது நியாயமன்று: பிரேசிலிலிருந்து வந்த விதைகளில் இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் முளைத்த றப்பர்க் கன்றுகள் 1876இல் இந்தத் தீவுக்கு அனுப்பப்பட்டன, பேராதனைத் தாவரவியற் பூங்காவின் அதிபராயிருந்த துவெயிற்ஸின் காலத்தில், மலைநாட்டின் குளிர் அவற்றுக்கு ஒவ்வாதென்று, கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடவில் அவை நடப்பட்டன. ஆசியாவின் றப்பர்த் தோட்டங்களுக்கெல்லாம் அது ஒரு தொடக்கம்.

சுக்கான் வைத்த பக்கத்திலும் ஒரு விநோதம் இருக்கிறது. இத்தாலியில் வண்டிகள் வீதியின் வலப்பக்கம் செல்பவை. நியாயப்படி சுக்கான் இடப்பக்கம் இருக்க வேண்டும். ஆயினும் லான்சியா நெடுங்காலம் வலப்பக்கச் சுக்கானையே வைத்து வந்தது. அவுரேலியாவின் முதல் வகைகளும் அப்படியே வந்தன. மலைப்பாதையில் ஓட்டுபவனுக்கு எதிரே வருவதைவிடத் தன் சக்கரத்துக்கும் பாதாளத்துக்கும் இடையே எத்தனை அங்குலம் இருக்கிறது என்பதே முக்கியம் என்ற எண்ணம் அதற்குக் காரணம். இடப்பக்கம் செல்லும் நம் நாட்டில் அதே வலப்பக்கச் சுக்கான் சாரதியை வீதியின் நடுவுக்குக் கொண்டுவந்து, முந்திச் செல்வதற்கும் எதிரே வருவதைப் பார்ப்பதற்கும் வசதி செய்கிறது. பள்ளத்தின் ஓரத்தைப் பார்த்துச் சொல்வது, இடப்பக்கம் அமர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் மைத்துனரின் கடமையாகிறது. நெடுந்தூர வேகம் பெருகி, முந்துவது அன்றாடமானபின், 1954இல் வந்த நான்காம் வகையில் லான்சியாவும் இடப்பக்கச் சுக்கானுக்கு இணங்கியது.

அதே நான்காம் வகையில் பின் சக்கரங்களின் தொங்கலையும் மாற்றினார்கள். முதல் வகைகளில் ஒவ்வொரு பின் சக்கரமும் சாய்வான ஒரு கரத்தில் தனியே தொங்கியது. தொடர் உற்பத்தி வண்டிகளில் அதற்கு முன் யாரும் துணியாத ஏற்பாடு அது. சாதாரண வேகத்தில் சுகம். ஆனால் வளைவின் நடுவில் பயந்து அக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்பகுதி உயர்ந்து சக்கரங்கள் சாய்வு மாறி, வால் வெளியே போய்விடும் சுபாவம் அதற்கு இருந்தது. தேர்ந்த சாரதிகள் அதையே ஆயுதமாக்கிக்கொண்டார்கள். காசு கொடுத்து வாங்கிய வைத்தியர்களும் வக்கீல்களும் அப்படிச் செய்ய முடியுமா? ஆகவே, இரு சக்கரங்களையும் வளைந்த ஒரு குழாயால் இணைத்து எப்போதும் நிமிர்ந்தே நிற்கச் செய்யும் 'டி டியோன்' அச்சைப் பொருத்தினார்கள். புதுமை என்பதற்காகவே ஒரு புதுமையைக் கட்டிக்கொண்டு அழாமல், பழைய யுக்தி நல்லதானால் அதற்குத் திரும்பிய அந்த விவேகத்தை நான் மெச்சுகிறேன்.

பந்தயங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பி20 பிறந்த அதே மாதத்தின் இறுதியில், இத்தாலியின் பொது வீதிகளிலேயே ஆயிரம் மைல் ஓடும் மில்லே மில்யா பந்தயத்தில், ஜியோவன்னி பிராக்கோவும் உம்பெர்த்தோ மால்யோலியும் 1,991 கன சென்றிமீற்றர் எஞ்சின் உள்ள பி20ஐ ஓட்டி, அதைப்போல இரு மடங்கு பெரிய எஞ்சின் கொண்ட வில்லோரெசியின் பெராரிக்கு அடுத்ததாக இரண்டாவது வந்தார்கள். மழை பெய்த நாள் அது என்பதை இந்த அத்தியாயத்தைப் படித்து வந்தவர்கள் முக்கியமாகக் கருதுவார்கள். 1952இல் சிசிலி மலைகளில் நடந்த தார்கா புளோரியோவை பெலிச்சே பொனெத்தோவும், 1954இல் மொன்டே கார்லோ ராலியை லூயி ஷிரோனும் அதே வகை வண்டியில் வென்றார்கள். உலகச் சாம்பியனான பாஞ்சியோ தம் சொந்த உபயோகத்துக்கு ஒரு பி20 வைத்திருந்தார். மலையைக் கீழிருந்து மேலே மட்டும் ஓடும் பந்தயமானால் கதை வேறு. 1934 முதல் நுவரெலியாவில் நடந்துவரும் மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி போன்றவற்றில் எஞ்சினின் பலமே பெரும்பாலும் தீர்ப்புச் சொல்கிறது. மில்லே மில்யாவில் ஏறிய ஒவ்வொரு மலையையும் இறங்கியாக வேண்டும்.

துரினில் பினின் பரினாவின் பட்டறையில் உருவான அதன் உடலும் வெறும் அலங்காரமன்று. கூரை முன்கண்ணாடியிலிருந்து எழுந்து பின்னால் ஒரே வழுவழுப்பாகச் சரிந்து முடிகிறது. காற்றைக் கிழித்துச் செல்வதற்கு வேண்டிய சக்தி வேகத்தின் கனத்தோடு வளரும் என்பது பௌதிக விதி. வேகத்தை இரட்டிக்க எட்டு மடங்கு சக்தி வேண்டும். முதல் வகை பி20 75 குதிரைச் சக்தியில் மணிக்கு 162 கிலோமீற்றர் ஓடியது. 1953இல் எஞ்சினை 2,451 கன சென்றிமீற்றராகப் பெருக்கி 118 குதிரைச் சக்தி ஆக்கியபோது 185 கிலோமீற்றர் ஓடியது. வேகங்களின் விகிதத்தை மும்முறை பெருக்கினால் 1.49, சக்திகளின் விகிதம் 1.57. ஏறத்தாழ முழுச் சக்தியையும் காற்றே தின்றுவிட்டது என்பதை இதைவிடச் சுலபமாகக் காட்ட முடியாது. கூடுதலான 43 குதிரைகள் சமவெளியில் 23 கிலோமீற்றரைத் தந்தன. ஸ்டெல்வியோவில் இறங்கும்போதோ ஹுன்னஸ்கிரியவில் இறங்கும்போதோ அவை ஒன்றும் தரமாட்டா.

இவ்வளவு சிந்தனையும் செலவில்லாமல் வரவில்லை. வின்சென்ஸோவின் மகன் ஜியான்னி லான்சியா, வண்டிகளை இலாபத்துக்கு விற்பதைவிட உயர்வாகச் செய்வதில் ஈடுபாடு கொண்டவர். அதன்மேல் பந்தயக் குழுவின் செலவும் சேர்ந்தது. 1955 மே மாதம் குழுவின் முதன்மைச் சாரதியான அல்பர்ட்டோ அஸ்காரி மொன்ஸாவில் உயிரிழந்தார். அவ்வாண்டிலேயே பந்தய வண்டிகள் அனைத்தும் பெராரியிடம் கையளிக்கப்பட்டன. யானோவும் அங்கே போய், பெராரியின் 'டினோ' என்ற வி6 எஞ்சினுக்கு வழிகாட்டினார். லான்சியா குடும்பத்தின் கையிலிருந்து கம்பெனி சீமெந்து முதலாளியான பெசென்டியிடம் சென்றது. 1958 வரை, ஆறு வகைகளாக, 3,871 பி20 வண்டிகளே உற்பத்தியாயின. இந்தியாவில் பியட் 1100இன் வழிவந்த பிரீமியர் பத்மினிகள் இலட்சக்கணக்கில் ஓடியதோடு ஒப்பிட்டால் அது ஒரு கைப்பிடி. அவுரேலியாவுக்குப் பின்வந்த பிளாமினியா, பின்புறக் கியர்ப்பெட்டியையும் உட்புறப் பிரேக்குகளையும் விடாமல் வைத்துக்கொண்டு 1970 வரை உற்பத்தியில் இருந்தது. அதற்கு முந்திய ஆண்டே கடன் சுமையோடு கம்பெனியைப் பியட் வாங்கிக்கொண்டது. கியர்ப்பெட்டியைப் பின்னால் வைக்கும் யுக்தியை 1964இல் பெராரி 275உம், 1972இல் அல்பா ரோமியோவின் அல்பெத்தாவும், 1977இல் போர்ஷே 928உம் எடுத்தாண்டன. வி6 எஞ்சினை 1962இல் அமெரிக்காவின் பியூயிக் கம்பெனி சாதாரணக் குடும்பக் காரில் வைத்தது, அதற்குப் பிறகு வைக்காத பெரிய கம்பெனியே இல்லை என்று சொல்லலாம். மலிவாக உற்பத்தி செய்யக் கற்றுக்கொண்டவர்களுக்கு இலாபம் வந்தது; கணக்கு முழுவதையும் முதலில் போட்டவர்களுக்குக் கடன் வந்தது.